முன்னங்காலின் உள்பக்கம்

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பரிசு. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

மாவட்டக் கால்நடைக் கண்காட்சிக்கு முயல் மட்டும் முப்பத்தொரு உருப்படி வந்திருந்தது. என் ஆண் முயல் மிராசுவைக் கூண்டிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. வெள்ளை ஜெயண்ட் இனம், ஐந்து கிலோ இருநூறு, உடம்பில் ஒரு மயிர் கலைந்திருக்கவில்லை. நடுவராக வந்தவர் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். எல்லாம் பார்த்தும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. நானே மிராசுவின் முன்னங்காலைத் திருப்பிக் காட்டினேன். சளி பிடித்த முயல் மூக்கை முன்னங்காலால்தான் துடைத்துக்கொள்ளும். மூக்கு சுத்தமாக இருக்கும், ஆனால் காலின் உள்பக்கம் மயிர் ஈரமாக ஒட்டிக்கிடக்கும். மூக்கை நம்பாதே, காலை நம்பு என்று சுற்றி நின்றவர்களுக்கும் எடுத்துச் சொன்னேன். இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள்.

இருபத்தாறு வருஷம் சென்னிமலையில் தறி ஓட்டியவன் நான். போர்வையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்ணில் பட்டுவிடும். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு முயலுக்கு வந்தபோது சிரித்தவர்கள் இன்று வந்து கோப்பையைத் தொட்டுப் பார்க்கட்டும்.

மதியம் கொஞ்ச நேரம் ஒரு வேலை. எழுதும்படியாக ஒன்றுமில்லை.

மாலை வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம். என் மனைவி ருக்மணி எனக்கும் மிராசுவுக்கும் சேர்த்து ஆரத்தி எடுத்தாள். எடுத்து முடித்ததும் தட்டைக் கீழே வைக்காமலே, மிராசுவைத் தனிக்கூண்டில் விடச் சொன்னாள். கொட்டகை முகப்பில் என் கையாலேயே பெயின்ட் அடித்த பலகை இருக்கிறது: ‘வெளியிலிருந்து வரும் முயல் முப்பது நாள் தனிக்கூண்டில். யாருக்கும் விலக்கு இல்லை.’ அதைக் கண்ணால் காட்டினாள். நம் வீட்டுப் பிள்ளை நம் வீட்டுக்கு வருகிறது, அதற்கு எதற்குத் தனிக்கூண்டு என்று கேட்டேன். வந்திருந்தவர்களும் அதானே என்றார்கள்.

மாலையோடு மிராசுவைத் தோளில் வைத்துப் பெரிய கொட்டகைக்குள் ஒரு சுற்று வந்தேன். எண்பத்தாறு முயல். ஒவ்வொரு கூண்டு முன்பும் நிறுத்தி, இதோ பாருங்கள் உங்கள் மிராசு என்று காட்டினேன். சில முயல்கள் கம்பி வழியாக மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்தன. பார்க்கக் கண்கொள்ளாத காட்சி.

பின்பக்கம் பழைய தறிக்கொட்டகையில் ஆறு சினை முயல்கள் இருக்கின்றன, மிராசுவுக்குச் சேர்த்தவைதான். ஓட்டுக் கூரை, வெயில் தாங்கும் என்று அங்கே வைத்திருக்கிறோம். அங்கேயும் போகலாம் என்று திரும்பினால் ருக்மணி வாசலில் குறுக்கே நிற்கிறாள்.

“சினையா இருக்குதுங்க. மாலையும் கூட்டமுமா உள்ள வந்தீங்கன்னா மெரண்டுக்கும். வேண்டாங்க.”

நாலு பேர் பார்க்கச் சொல்லிவிட்டாள். திரும்பிவிட்டேன். நல்ல நாளில் எதற்கு வம்பு.

நவம்பர் 10, திங்கள்

கோப்பையை டிவி மேல் வைத்தேன். உள்ளே வரும்போதே கண்ணில் படுகிறது.

இன்று முதல் தறிக்கொட்டகையை மட்டும் தான் பார்த்துக்கொள்வதாகவும் பெரிய கொட்டகை முழுக்க என் பொறுப்பு என்றும் ருக்மணி சொல்லிவிட்டாள். பரிசு வாங்கியவனுக்குப் பொறுப்பு கூடுவது நியாயம்தான். தனியாக ஒரு வாளி, தனியாக ஒரு அரிவாள், வாசலில் தனியாக ஒரு செருப்பு வைத்திருக்கிறாள். முயலுக்குப் போடும் வேலிமசால் தழையைக்கூட மேற்குப் பாத்தியில்தான் அறுக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வருஷமாக இரண்டு பேரும் ஒரே வாளியில்தான் தீவனம் கலந்தோம்.

நவம்பர் 12, புதன்

14, 17, 22-ஆம் கூண்டுத் தாய் முயல்கள் மூன்றையும் மிராசுவின் கூண்டில் சேர்த்தேன். அட்டையில் தேதி எழுதினேன். தறிக்கொட்டகையில் மூன்று முயல் ஈன்றுவிட்டதாம், இருபத்திரண்டு குட்டி. எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில்.

நவம்பர் 16, ஞாயிறு

வெள்ளோட்டுப் பக்கத்து மகளிர் குழுத் தலைவி தெய்வானை வந்திருந்தார். கூடப் பத்துப் பெண்கள். குழுவில் பத்துக் குடும்பமும் முயல் வளர்க்கப்போகிறது. குடும்பத்துக்கு நாலு பெண் முயல் வீதம் நாற்பது, என் பண்ணையிலிருந்துதான். பொங்கல் முடிந்து தை நாலாம் தேதி, ஜனவரி பதினெட்டு, ஒப்படைக்க வேண்டும்.

பெரிய கொட்டகையில் மூன்று மாதக் குட்டிகளைக் கூண்டு கூண்டாகக் காட்டினேன். நாற்பதையும் நானே பொறுக்கி ஒவ்வொன்றின் காதிலும் நீல மையால் புள்ளி வைத்தேன். பெண்கள் மிராசுவை மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பார்த்தார்கள். தெய்வானை கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்.

“இதுல ஒருத்தி தாலிக்கொடிய அடகு வெச்சு கூண்டு வாங்கியிருக்கறாங்ணா. உங்க பேரச் சொன்னதுனாலதான் அவ வூட்ல சரின்னாங்க.”

என் பேருக்கு இந்த வட்டாரத்தில் இருக்கிற மதிப்பு அப்படி.

நவம்பர் 19, புதன்

காலையில் தீவனம் போடும்போது தும்மல் சத்தம். 17-ஆம் கூண்டு. முயல் தும்முவது பெரிய விஷயமில்லை, தவிட்டுத் தூசி ஏறினால் தும்மும்.

நவம்பர் 21, வெள்ளி

17-க்கு மூக்கில் வெள்ளையாகக் கட்டியிருக்கிறது. 22-உம் தும்முகிறது. ராத்திரிப் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, அதுதான். சாக்குப் படுதா தொங்கவிட்டேன். தீவனக் கடைக்காரரைக் கூப்பிட்டு, தவிட்டில் என்னய்யா கலக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஏதோ சமாதானம் சொன்னார். நான் கேட்கிற நிலையில் இல்லை.

நவம்பர் 22, சனி

மிராசு நன்றாக இருக்கிறான். முதலில் அவனைத்தான் பார்த்தேன்.

நவம்பர் 24, திங்கள்

14 செத்துப்போனது. நேற்றுச் சாயங்காலம்வரை தின்றது. காலையில் போனால் கூண்டு மூலையில் கிடக்கிறது, வாய் திறந்தபடி. ஒன்பது முயலுக்கு மூக்கு ஒழுகுகிறது. 31-க்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, நடந்தால் வட்டமாகச் சுற்றுகிறது. நீலப் புள்ளி வைத்த நாற்பதில் மூன்று தும்முகிறது.

கால்நடை டாக்டர் மெர்லின் வந்தார். சின்ன வயசுதான், ஆனால் கொட்டகைக்குள் வருவதற்கு முன் பலகையை நின்று முழுசாகப் படித்தார். நல்லாயிருக்குது சார், இதக் கடைப்பிடிச்சாலே பாதிப் பிரச்சினை வராது என்றார். நான் ஆமாம் என்றேன். வெளியிலிருந்து முயல் ஏதாவது வந்ததா என்று கேட்டார். ஆறு மாதமாக ஒரு முயலும் வாங்கவில்லை என்றேன். அது உண்மை.

சளிக்காய்ச்சல் கிருமியாக இருக்கலாம் என்றார். பாஸ்டுரெல்லா என்று பேர். சில முயல் சாகும், சில தேறும், சிலது ஒரு தும்மல்கூடப் போடாமல் கிருமியை வைத்துக்கொண்டு மற்றதுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்றார். பதினைந்து முயலின் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, வாசல் பக்கம் இருக்கும் அந்தப் பெரியவனுக்கும் எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். மிராசுவுக்கு ஒன்றுமில்லை, அது பரிசு வாங்கியது என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 25, செவ்வாய்

22-உம் போனது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன்.

நவம்பர் 27, வியாழன்

துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று ருக்மணி கூப்பிட்டாள். இப்போதெல்லாம் பேச்சு அப்படித்தான். கொடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். சாப்பாட்டைக்கூட வாசல் படியில் வைத்துவிட்டுப் போகிறாள். கட்டிலை நானே முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன், இருமல் வருகிறது என்று சாக்குச் சொல்லி.

இனச்சேர்க்கை அட்டைகளைக் கூண்டுகளிலிருந்து கழற்றிக்கொண்டு வரச் சொன்னாள். கொண்டுபோனேன். தொடவில்லை. தரையில் வரிசையாகப் பரப்பச் சொல்லி, நின்றபடியே படித்தாள். 14, 17, 22. மூன்றும் நவம்பர் பன்னிரண்டு, மூன்றும் மிராசு. பிறகு அந்தக் கூண்டுகளுக்குப் பக்கத்துக் கூண்டு, எதிர்க் கூண்டு, இப்படியே வரிசையாகப் போகிறது.

“ஒண்ணு கேக்கறனுங்க. கண்காச்சில மிராசு கூண்டுக்குள்ள வேற மொசல் வந்துச்சுங்களா?”

எதற்குக் கேட்கிறாய் என்றேன். சும்மாதான் என்றாள். டாக்டர் போன் பண்ணுவார், வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டர் போன் செய்தார். பதினாறில் பதினொன்றில் கிருமி. மிராசுவிடமும்.

நவம்பர் 28, வெள்ளி

பேனாவை எடுத்து வைத்துவிட்டு வேலிமசால் அறுத்தேன், தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், புழுக்கை அள்ளிக் குழியில் போட்டேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன்.

கண்காட்சியில் மதியம் லிங்குசாமி வந்தான். பெருந்துறைப் பக்கம் பண்ணை வைத்திருப்பவன், இரண்டாம் பரிசு வாங்கியவன். தான் கொண்டுவந்திருந்த பெண் முயலைக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணா, உங்க மிராசு வாரிசு ஒண்ணு எங்க பண்ணையில இருந்தா எனக்குக் கௌரவம், ஒருக்கா சேத்துக் குடுங்க என்று கேட்டான். சுற்றிலும் ஆள் நின்றார்கள். இரண்டாம் பரிசு வாங்கியவன் முதல் பரிசு வாங்கியவனிடம் பணிந்து கேட்கிறான். என்ன செய்வது? கூண்டைத் திறந்துவிட்டேன்.

இதுவரை எழுதுவது சிரமமாக இல்லை. அடுத்ததுதான்.

அவன் முயலை உள்ளே விடும்முன் வழக்கம்போல முன்னங்காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. பார்த்தேன். தண்ணீர் குடிக்கும்போது நனைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால், தரமாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. காலையில் ஊருக்கே பாடம் எடுத்தவன் மத்தியானம் இதைச் செய்தேன்.

ருக்மணியிடம் கொடிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். காய்ந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். “சரிங்க. அந்த லிங்குசாமிக்கு மொதல்ல சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 30, ஞாயிறு

லிங்குசாமிக்குப் போன் செய்ய இரண்டு நாள் ஆகிவிட்டது. நம்பர் கிடைக்கவில்லை என்று எழுதலாம். கிடைத்தது.

கோபத்தோடுதான் ஆரம்பித்தேன், நோய் முயலைக் கொண்டுவந்து என் பண்ணையைக் கெடுத்துவிட்டாயே என்று. அவன் குரல் உயரவே இல்லை.

“அண்ணா, கால் ஈரமா இருந்தது எனக்கும் தெரியும். சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க திருப்பிப் பாத்துட்டு சரின்னீங்க. உங்க கண்ணுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு மருந்துகூட போடலீங்ணா. இப்ப நாப்பத்தி ரெண்டு போயிருச்சு.”

போனை வைத்த பிறகு கோப்பையைப் பார்த்தேன். அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். கதவு சரியாக மூடவில்லை, திரும்பி எடுத்துப் படுக்க வைத்து மூடினேன்.

கண்காட்சிக்குப் பிறகு மூன்று பேருக்கு ஜோடி முயல் கொடுத்திருக்கிறேன். மூன்று பேருக்கும் சொன்னேன். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசினார். மூன்றாமவர் நான் விளையாடுகிறேன் என்றே நினைத்துக்கொண்டார், எந்தப் பண்ணைக்காரன் இப்படிப் போன் பண்ணுவான் என்றார். எவனும் பண்ணமாட்டான்தான். நான் பண்ணினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

ஊசி வேலை செய்கிறது. மூக்கெல்லாம் காய்ந்துவிட்டது. நாலு நாளாகச் சாவு இல்லை. காலையில் முதலில் நன்றாக இருப்பவை, பிறகு சந்தேகம், கடைசியில் நோயாளிகள் என்ற வரிசையில்தான் போகிறேன். ஒவ்வொரு வரிசைக்கும் கை கழுவுகிறேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காச் செய்யற ஆள நான் பாக்கல சார் என்றார். அது பொய்ப் புகழ்ச்சி இல்லை, அவருக்கு அதெல்லாம் வராது.

டிசம்பர் 8, திங்கள்

நீலப் புள்ளி நாற்பதையும் வெயிலில் எடுத்து வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு இருக்கிறது. கண், காது, மூக்கு, காலின் உள்பக்கம். ஒரு குறை இல்லை. பனிக்கட்டி நிறத்தில் பளிச்சென்று இருக்கின்றன. யார் பார்த்தாலும் இதுபோல முயல் எங்கும் இல்லை என்பார்கள். ஜனவரி பதினெட்டுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

டாக்டரிடம் போனில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். கிருமி அடங்கியிருக்கும், போயிருக்காது. இடம் மாறினால், குளிர் பட்டால், குட்டி போட்டால் மறுபடி கிளம்பும், பக்கத்தில் இருக்கிறதுக்கும் ஒட்டும் என்றார். எல்லா முயலுக்கும் அப்படியா என்றேன். எதுக்கு அப்படி, எதுக்கு இல்லை என்று யாருக்கும் தெரியாது என்றார்.

தெரியாது என்றால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பத்துக் குடும்பம் கூண்டு வாங்கி வைத்துக் காத்திருக்கிறது. முப்பத்தேழில் முப்பது நன்றாகவே இருக்கலாம்.

கொடிக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம், அதுகளுக்கு மூக்கெல்லாம் காய்ந்துவிட்டது தெரியுமா என்றேன்.

“காஞ்சிருச்சுங்களா? அப்ப ஒண்ணு பண்ணுங்க. அதுல ரெண்டக் கொண்டாந்து நம்ம தறிக்கொட்டாயில உடுங்க. எங்குட்டிக கூட வளரட்டும்.”

தறிக்கொட்டகையிலிருந்து குட்டிகள் கம்பியைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. அந்த ஆறு முயலும் ஈன்ற நாற்பத்தொரு குட்டி, ஒன்றுகூடத் தும்மாதவை. அவற்றின் நடுவில் இந்த நீலப் புள்ளிகளைக் கொண்டுபோய் விட முடியுமா என்று யோசித்தேன். முடியாது. என் வீட்டுக்குள் விட முடியாததைத்தான் தாலிக்கொடி வைத்தவள் வீட்டுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 10, புதன்

மிராசு.

டாக்டர் காலை பத்து மணிக்கு வந்தார். ஊசி போட்டால் கிருமி போகுமா என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன், பதில் தெரிந்தேதான். நானே பிடித்துக்கொள்கிறேன் என்றேன். மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து கிலோ நானூறு இருந்தான். அவன் மட்டும்தான் இந்த ஒரு மாதத்திலும் எடை ஏறியவன். முன்னங்காலைத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்து, வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அவனைப் பார்த்து யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். டாக்டர் கடைசி ஊசியைப் போட்டார்.

வேப்பமரத்துக்கு வடக்கே ஆழமாக வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

டிசம்பர் 12, வெள்ளி

தெய்வானை வீட்டுக்கு நானே போனேன். போகுமுன் குளித்து, புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவர் வீட்டில் முயல் கிடையாது, இருந்தாலும். படியேறவில்லை, வாசலில் நின்றே சொன்னேன். எல்லாம் சொன்னேன், கண்காட்சி, லிங்குசாமி, ஈரக்கால், மாலை போட்டுச் சுற்றி வந்தது வரை.

அவர் வாசல் படியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“மூக்கு காஞ்சிருச்சுன்னு சொல்றீங்களே. சொல்லாம குடுத்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாங்ணா?”

தெரிந்திருக்காது என்றேன். குட்டி போடும்போதுதான் தெரிந்திருக்கும் என்றேன்.

“பத்து வூட்டுக்கும் நாந்தான் போய்ச் சொல்லோணும். தாலிக்கொடி வெச்ச அந்த மயிலாத்தா என்னையத்தான் பேசுவா. பேசட்டும்.” இதைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். காபி தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

டிசம்பர் 13, சனி

முடிவு செய்துவிட்டேன். பெரிய கொட்டகை முழுக்கக் காலி. டாக்டர் அவ்வளவு தூரம் சொல்லவில்லை. அறிகுறி இருப்பதைக் கழித்துவிட்டு மற்றதை வைத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். எது கிருமி வைத்திருக்கிறது, எது இல்லை என்று தெரியாமல் ஒரு முயலையும் என் பேரில் வெளியே விடமாட்டேன். நோய் உள்ளவை டாக்டர் கையால். மீதி, மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை காத்திருந்து கறிக்கு. நீலப் புள்ளிகளும்தான்.

ஜனவரி 10, சனி

கடைசி நாலு முயலும் போயின. கொட்டகை இவ்வளவு நீளமா? இரண்டு கோடியிலும் நின்று பார்த்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

கூண்டுக் கம்பி ஒவ்வொன்றையும் காஸ் நெருப்பால் வாட்டினேன். ஒட்டிய மயிர் கருகும் நாற்றம் கைக்குள்ளேயே இருக்கிறது. மரப்பெட்டிகளை எரித்துவிட்டேன். தரையைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, சுவருக்கு இரண்டு பூச்சு சுண்ணாம்பு. போர்வைக்குச் சாயம் போடுகிறவன் எப்படி ஒரு மூலை விடாமல் பார்ப்பானோ அப்படிப் பார்த்துச் செய்தேன். எறும்புக்குக்கூடக் கிருமி ஒட்டாது இப்போது.

தறிக்கொட்டகைக்கு எப்போது வரலாம் என்று ருக்மணியிடம் கேட்டேன். பலகையைக் காட்டினாள்.

“முப்பது நாளுங்க. கடைசி மொசல் போன அன்னைக்கிருந்து.”

அது முயலுக்கு என்றேன். யாருக்கும் விலக்கு இல்லை என்று எழுதியிருக்கிறதே என்றாள். எழுத்து என் கையெழுத்து. வாதாட இடமில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஒப்படைக்க வேண்டிய நாள். காலையிலேயே எழுந்து முகச்சவரம் செய்துகொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. பதினோரு மணிக்குத் தெய்வானை வந்தார், கூட ஒரு பெண். மயிலாத்தா என்றார். கேட்டிலேயே நிறுத்தி, செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைக்கச் சொன்னேன். மயிலாத்தா நனைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவர்கள் திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மயிலாத்தாவுக்குக் காலிக் கொட்டகையைப் பார்க்க வேண்டுமாம். உண்மையாகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டேனா என்று பார்க்க வேண்டுமாம். காட்டினேன். சுவரைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

“எங்கூட்டுக்காரரு இதக் கேட்டுட்டு, உங்ககிட்டயே வாங்கலாங்கறார். எப்பக் குடுப்பீங்க?”

டாக்டர் தறிக்கொட்டகையைச் சோதித்துவிட்டுச் சரி என்று சொன்னால் பங்குனியில் என்றேன். நாற்பது வராது, பதினெட்டுதான் வரும் என்றேன். மீதி ஆடியில். சோதனையில் ஒன்று தவறினாலும் ஒன்றும் கிடையாது என்றும் சொன்னேன். தலையை ஆட்டினாள். வாங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகும்போது செருப்பை மறுபடி நனைத்துக்கொண்டு போனாள், நான் சொல்லாமலே.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் தன் நோயைத் தானே ஊருக்குச் சொன்ன பண்ணை என்னுடையது ஒன்றுதான். இதற்குக் கோப்பை கிடையாது. இருந்தால் அதுவும் எனக்குத்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தறிக்கொட்டகை முடிவு வந்தது. ஆறு தாய், நாற்பத்தொரு குட்டி, அத்தனையிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்திருந்தார் மெர்லின். ஒன்றில்கூட இல்லை. லிங்குசாமிக்குப் போன் செய்து சொன்னேன். அவனும் காலி செய்துவிட்டான். என் கையால் ஜோடி கொடுக்கிறேன், முப்பது நாள் தனிக்கூண்டில் வைத்துத்தான் மற்றதோடு சேர்க்க வேண்டும் என்றேன். சரீங்ணா என்றான். சேர்ப்பதற்கு மற்றது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் பிறகுதான் உறைத்தது, சிரித்துவிட்டோம்.

பிப்ரவரி 9, திங்கள்

முப்பது நாள்.

நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, வெளிச்சம் வரட்டும் என்று படுத்திருந்தேன். குளித்தேன். வெயிலில் காய்ந்த வேட்டி, ருக்மணி வாங்கி வைத்திருந்த புதுச் செருப்பு. தறிக்கொட்டகை வாசலில் தட்டில் மருந்துத் தண்ணீர். நனைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் குட்டிகள் தீவனத்துக்குப் போடும் சத்தம். எல்லாம் மிராசுவின் பிள்ளைகள். கண்காட்சிக்கு முன்னால் சேர்த்தது, கிருமி வருவதற்கு முன்னால். பெரிதாகியிருக்கும், மூன்று மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ருக்மணி சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள், திறக்கவில்லை.

“கையக் காட்டுங்க.”

இரண்டு கையையும் நீட்டினேன். உள்ளங்கையைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள், நான் முயலைப் பார்ப்பதுபோல. வலது கையில் மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது.

“இதென்னங்க ஈரம்?”

குளித்த தண்ணீர் என்று வாய்வரை வந்துவிட்டது.

“கண்ணத் தொடச்சேன், ருக்மணி.”

முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டு, பூட்டைத் திறந்தாள்.